கைக்குழந்தைக்குப் போர்வை, தொப்பி, காலுறை: வீட்டிலேயே பின்ன முழுமையான வழிகாட்டி

ஆசையாகப் பின்னிக் கொடுத்த எத்தனையோ குழந்தைப் போர்வைகள், ஒருநாள் போர்த்திப் படம் எடுத்ததோடு அலமாரிக்குப் போய்விடுகின்றன. பெரும்பாலும் நூல்தான் காரணம். நம் ஊர் வெயிலில் அக்ரிலிக் போர்வையைப் போர்த்தினால் குழந்தை வியர்த்து அழும். அம்மா மடித்து வைத்துவிடுவார். ஆகவே டிசைனைத் தேடுவதற்கு முன் நூலை முடிவு செய்துவிடுங்கள்.

நூல்

கடையில் 'உல்லன் நூல்' என்று கேட்டால் கிடைப்பதில் பெரும்பாலானவை அக்ரிலிக். விலை குறைவு, நிறங்கள் ஏராளம், துவைத்தால் சுருங்காது. ஆனால் வியர்வையை உறிஞ்சாது, நெருப்புப் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். சமவெளியில் பிறக்கும் குழந்தைக்குப் பருத்தி நூல்தான் சரி. ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா அல்லது லண்டன், டொராண்டோவில் இருக்கும் பேரக்குழந்தைக்கு என்றால் மெல்லிய அக்ரிலிக்கோ, மெரினோ கம்பளியோ எடுக்கலாம்.

லேபிள் இல்லாத நூல் எது என்று தெரியவில்லையா? ஒரு விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிந்த மணத்தோடு சாம்பலாகும். கம்பளி முடி பொசுங்கும் நாற்றம் அடித்துத் தானே அணையும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கறுத்த கெட்டி மணியாக நிற்கும்.

தடிமனை 'பிளை' என்ற கணக்கில் சொல்வார்கள். போர்வைக்கு 8 பிளை, தொப்பிக்கும் உடைக்கும் 4 பிளை. 8 பிளை பருத்தியில் 50 கிராம் உருண்டை ஏறக்குறைய 100 முதல் 120 மீட்டர் வரும். அதே தடிமனில் அக்ரிலிக் எடை குறைவு என்பதால் 140 மீட்டர் வரைகூடப் போகும். எனவே அக்ரிலிக்குக்கு எழுதிய குறிப்பைப் பார்த்துப் பருத்தியை அதே கிராம் கணக்கில் வாங்கினால் கடைசியில் நூல் போதாது. மீட்டரைப் பார்த்து வாங்குங்கள்.

இன்னும் மூன்று சோதனைகள். நூலைக் கழுத்தில் ஒரு நிமிடம் தேய்த்துப் பாருங்கள், அரித்தால் வேண்டாம். சிவப்பு, கருநீலம், கறுப்பு என்றால் ஈரமான வெள்ளைத் துணியில் அழுத்தித் துடைத்துப் பாருங்கள், சாயம் ஒட்டினால் குழந்தை வாயில் வைக்கும் பொருளுக்கு அது ஆகாது. புசுபுசுவென்று முடி நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பார்க்க அழகு. அந்த இழைகள் வாய்க்கும் மூக்குக்கும் போகும் என்பதால் கைக்குழந்தைக்குத் தவிர்த்துவிடலாம்.

மொத்த நூலையும் லேபிளில் ஒரே சாய எண் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அதே வெளிர் மஞ்சள் என்று அடுத்த மாதம் வாங்கும் உருண்டை, போர்வையின் நடுவில் பட்டையாகத் தனித்துத் தெரியும்.

ஊசிகள்

குரோஷாவுக்கு 3, 3.5, 4.5, 5 மி.மீ. கொக்கி ஊசிகள் போதும். நிட்டிங்குக்கு 3.25 மி.மீ. ஜோடி ஒன்று. இங்கே ஒரு சிக்கல் உண்டு. அம்மாவோ பாட்டியோ வைத்திருந்த பழைய நிட்டிங் ஊசிகளில் பிரிட்டிஷ் எண்கள் இருக்கும், அவை தலைகீழானவை: எண் கூடக்கூட ஊசி மெலியும். 8ஆம் எண் என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25, 12 என்றால் 2.75. '8ஆம் எண் ஊசி' என்றதும் 8 மி.மீ. எடுத்துப் பின்னினால் தொப்பி மீன்வலை போலத்தான் வரும்.

இவற்றோடு டேப், மழுங்கிய முனையுள்ள பெரிய கண் ஊசி, அடையாளத்துக்குச் சில ஊக்குகள், கிராம் காட்டும் சமையலறைத் தராசு.

தையல் பெயர்களிலும் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷே எனப்படுவதுதான் பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷே. அமெரிக்க டபுள், பிரிட்டிஷ் டிரெபிள். குறிப்பில் எங்காவது 'சிங்கிள் குரோஷே' என்று இருந்தால் அது அமெரிக்க முறை, ஏனென்றால் பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரே இன்று புழக்கத்தில் இல்லை. இங்கே தருவதெல்லாம் அமெரிக்க முறை. செயின்: நூலைச் சுற்றி, ஊசியில் உள்ள கண்ணி வழியாக இழுப்பது. சிங்கிள்: ஊசியை நுழைத்து நூலை இழுத்தால் ஊசியில் இரண்டு கண்ணி நிற்கும், நூலைச் சுற்றி இரண்டின் வழியாகவும் ஒரே இழுப்பு. டபுள்: முதலில் நூலை ஒரு சுற்று, நுழைத்து இழுத்தால் மூன்று கண்ணி, இரண்டிரண்டாக இருமுறை இழுத்து முடிப்பது.

மாதிரித் துண்டு

இதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். அளவு தப்பிப்போய்ப் பிரிப்பவர்களும் அவர்களே. போர்வைக்கு எடுத்த நூலிலேயே, அதே ஊசியில், அதே தையலில் சுமார் 20 × 20 செ.மீ. பின்னி, துவைத்து, நிழலில் காய வைத்த பிறகு அளக்க வேண்டும். பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும் என்பதால், துவைக்காத துண்டின் அளவு பொய் சொல்லும்.

அதிலிருந்து இரண்டு கணக்குகள். ஒன்று, நூல் எவ்வளவு? துண்டு 400 சதுர செ.மீ., எடை 21 கிராம் என்று வையுங்கள். 75 × 75 செ.மீ. போர்வை 5,625 சதுர செ.மீ.; அதை 400ஆல் வகுத்தால் 14. ஆக 14 × 21 = 294 கிராம். ஓரத்துக்கும் வால்நூலுக்கும் 15 சதவீதம் சேர்த்தால் சுமார் 340, அதாவது 50 கிராம் உருண்டை ஏழு. இரண்டாவது, எத்தனை கண்ணி? துண்டின் நடுப்பகுதியில் 15 செ.மீ. அளந்து எண்ணுங்கள், ஓரத்தில் அளக்க வேண்டாம். இந்தக் கணக்குக்காக முதலில் இரண்டு உருண்டை மட்டும் வாங்கி, அன்றோ மறுநாளோ மீதியை வாங்கிவிடுவது நல்லது. கடைக்காரரிடம் சொல்லி அதே சாய எண்ணை எடுத்து வைக்கச் சொல்லலாம்.

குரோஷா போர்வை: பாசித் தையல், 75 × 75 செ.மீ.

கிரானி ஸ்கொயர் (நடுவிலிருந்து டபுள் கொத்துகளாக வளரும் சதுரம்) எல்லோருக்கும் பிடித்தது, வேகமாகவும் வளரும். ஆனால் அதன் பெரிய ஓட்டைகளில் பிஞ்சு விரல் மாட்டும். கைக்குழந்தைக்குப் பாசித் தையல் மேல்: சிங்கிளும் செயினும் மாறிமாறி வருவதால் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், துளை சின்னது, துணி விறைக்காமல் தொங்கும். சாதாரண சிங்கிள் வரிசைகளாகவே பின்னினால் பருத்தி பலகை மாதிரி ஆகிவிடும்.

8 பிளை பருத்தி, 4.5 மி.மீ. ஊசி. மாதிரியில் 15 செ.மீ.க்கு 13 சிங்கிள் (இடையில் ஒவ்வொரு செயின்) வருகிறது என்றால், 75 செ.மீ.க்கு 65 சிங்கிள். தேவையான செயின்: 65 × 2 + 2 = 132. எப்போதும் இரட்டைப்படையாகவே இருக்கும்.

1. அடிச் செயின் 132ஐ மட்டும் 5 மி.மீ. ஊசியில் போடுங்கள். செயின் எல்லோருக்கும் கொஞ்சம் இறுகும். அப்படி இறுகினால் போர்வையின் கீழ் விளிம்பு சுருங்கி, மேலே விரிந்து நிற்கும். ஒவ்வொரு 20 செயினுக்கும் ஓர் ஊக்கு மாட்டினால் எண்ணிக்கை தவறாது.

2. 4.5 ஊசிக்கு மாறி, ஊசியிலிருந்து நான்காவது செயினில் ஒரு சிங்கிள். பிறகு ஒரு செயின் போட்டு, ஒரு அடிச் செயினை விட்டு, அடுத்ததில் சிங்கிள். இப்படியே கடைசி வரை. 65 சிங்கிள் இருக்கிறதா என்று எண்ணுங்கள்.

3. இரண்டு செயின் போட்டுத் திரும்புங்கள். முதல் சிங்கிளின் மேல் குத்தாமல், அதற்கு அடுத்த செயின் இடைவெளியில் ஒரு சிங்கிள். ஒரு செயின், அடுத்த இடைவெளியில் சிங்கிள். கடைசி சிங்கிள், முந்தைய வரிசை தொடக்கத்தில் விட்ட செயின் வளைவுக்குள் விழ வேண்டும்.

4. மூன்றாவது படியையே 73 செ.மீ. உயரம் வரும்வரை திருப்பித் திருப்பிச் செய்யுங்கள். மீதியை ஓரம் நிரப்பும்.

இந்தப் போர்வை கெடுவது பெரும்பாலும் மூன்றாவது படியின் கடைசி வரியில்தான். திரும்பும் செயின் வளைவு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாது. அதை விட்டுவிட்டால் வரிசைக்கு ஒரு சிங்கிள் குறையும், இருபது வரிசைக்குப் பிறகு பார்த்தால் போர்வை சரிவகமாக இருக்கும். முதல் பத்து வரிசை வரை அந்த வளைவில் ஊக்கு மாட்டிக்கொண்டே போங்கள். பிறகு கை தானாகப் பழகிவிடும். ஆனாலும் ஐந்து வரிசைக்கு ஒருமுறை 65ஐ எண்ணுவது நல்லது.

நிறம் மாற்ற, வரிசையின் கடைசி சிங்கிளில் ஊசியில் இரண்டு கண்ணி நிற்கும்போதே புது நூலால் இழுத்து முடிக்க வேண்டும். முழுதாக முடித்த பிறகு மாற்றினால் பழைய நிறம் ஒரு புள்ளியாக மேல் வரிசையில் ஏறி நிற்கும். நூலை முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டாதீர்கள். பருத்தி வழுக்கும் நூல், முடிச்சு மூன்று துவைப்பில் அவிழும், அவிழாத முடிச்சு குழந்தை முதுகில் உறுத்தும். 15 செ.மீ. வால் விட்டு, கண் ஊசியில் கோத்து, ஒரு திசையில் 4 செ.மீ., திரும்பி 3 செ.மீ., மறுபடி திரும்பிக் கொஞ்சம் என்று உள்ளே ஓட்டிவிட்டு வெட்டுங்கள்.

ஓரத்துக்கு 4.5 ஊசியிலேயே சுற்றிலும் சிங்கிள்: பக்கவாட்டில் வரிசைக்கு ஒன்று, மேலும் கீழும் ஒவ்வொரு கண்ணிக்கும் இடைவெளிக்கும் ஒன்று, மூலையில் ஒரே இடத்தில் மூன்று. ஒரு பக்கம் முடித்ததும் தரையில் விரித்துப் பாருங்கள். அலை அலையாக எழும்பினால் தையல் அதிகம், ஆறில் ஒன்றை விடுங்கள். விளிம்பு உள்ளே இழுத்தால் குறைவு. இப்படி இரண்டு சுற்று போதும். தொங்கட்டான், குஞ்சம் எதுவும் வேண்டாம்.

சித்திரை, வைகாசியில் பின்னுகிறவர்களுக்கு: பாதி முடிந்த போர்வையை மடியில் போட்டுக்கொண்டு உட்காரவே முடியாது. அப்போது 25 செ.மீ. சதுரங்களாக ஒன்பது பின்னி இணைத்துவிடுங்கள். அதே கணக்கில் சதுரத்துக்கு 22 சிங்கிள், அதாவது 46 செயின். மாதிரித் துண்டையும் அதே 25 செ.மீ. அளவுக்கு வளர்த்துவிட்டால் ஒரு சதுரம் மிச்சம். சதுரங்களை இணைக்கும்போது இரண்டு விளிம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண் ஊசியால் பின்பக்க இழைகளை மட்டும் எடுத்துத் தையுங்கள். ஸ்லிப் ஸ்டிச்சில் (கொக்கியை நுழைத்து, நூலை எல்லாக் கண்ணி வழியாகவும் ஒரே இழுப்பில் இழுப்பது) இணைத்தால் மேடு தட்டும். 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் குரோஷா போர்வை கின்னஸ் சாதனை படைத்ததும் இப்படித்தான்: பல கைகள் தனித்தனியாகப் பின்னிய துண்டுகளை இணைத்து.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை இருக்கக் கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. முகத்தை மூடிவிட்டால் அதற்கு விலக்கத் தெரியாது. பின்னிய போர்வை மடியில் வைத்திருக்கும்போதும், வண்டியில் போகும்போதும், தரையில் விரித்துக் குப்புறப் போட்டு விளையாட விடும்போதும்தான், அதுவும் கண் பார்வையில். பரிசாகக் கொடுக்கும்போது இதையும் சொல்லிக் கொடுங்கள்.

நிட்டிங் தொப்பி: 3 முதல் 6 மாதம்

தலைச் சுற்றளவு பிறக்கும்போது சராசரியாக 35 செ.மீ., மூன்று மாதத்தில் 40, ஆறு மாதத்தில் 43, ஒரு வயதில் 46. தொப்பி தலையைவிடப் பத்து சதவீதம் சிறியதாக இருந்தால்தான் பிடித்து நிற்கும். பெரிதாக இருந்தால் கண்ணை மறைக்கும்.

4 பிளை நூல் 25 கிராம் தாராளம். 3.25 மி.மீ. ஊசி. மாதிரியில் 10 செ.மீ.க்கு 26 கண்ணி வர வேண்டும். 28 வந்தால் ஊசியைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள், 24 என்றால் சிறிதாக்குங்கள். நூலை இறுக்கியோ தளர்த்தியோ பிடித்துச் சரிக்கட்டப் பார்த்தால் பாதியில் கை பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிடும்.

98 கண்ணி ஏற்றுங்கள். இரண்டு ஊசியையும் சேர்த்துப் பிடித்து ஏற்றிவிட்டு ஒன்றை உருவினால் விளிம்பு இழுபடும். இல்லாவிட்டால் நெற்றியில் கோடு விழும்.

நிட் என்றால் நூல் பின்னால் இருக்க, ஊசியை முன்னாலிருந்து பின்னுக்கு நுழைத்து இழுப்பது; பர்ல் என்றால் நூல் முன்னால் இருக்க, பின்னாலிருந்து முன்னுக்கு நுழைத்து இழுப்பது. முதல் வரிசை: 2 நிட், பிறகு (2 பர்ல், 2 நிட்) கடைசி வரை. மறுபக்கம்: 2 பர்ல், பிறகு (2 நிட், 2 பர்ல்). இப்படி 4 செ.மீ. அதன்பின் ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று மொத்தம் 12 செ.மீ. வரை. பர்ல் வரிசையில் நிறுத்துங்கள்.

இனி உச்சி குறைப்பு. 1 நிட், (6 நிட், இரண்டைச் சேர்த்து ஒரு நிட்) 12 முறை, 1 நிட்: ஊசியில் 86 இருக்கும். திரும்பி முழுதும் பர்ல். அடுத்த நிட் வரிசையில் அடைப்புக்குள் 6க்குப் பதில் 5, அதற்கடுத்து 4 என்று குறைத்துக்கொண்டே போங்கள், இடையில் எப்போதும் ஒரு பர்ல் வரிசை. எண்ணிக்கை 74, 62, 50, 38, 26, கடைசியில் 14. இந்த எண் வராவிட்டால் உடனே ஒரு வரிசை பிரித்துப் பாருங்கள். அடுத்த வரிசையில் சரிசெய்யலாம் என்று விட்டால் உச்சியில் உள்ள நட்சத்திரம் கோணிவிடும்.

40 செ.மீ. வால் விட்டு வெட்டி, கண் ஊசியில் கோத்து 14 கண்ணி வழியாகவும் இருமுறை ஓட்டி இழுத்து இறுக்குங்கள். அதே நூலால் பின்பக்கத்தை விளிம்புக்கு விளிம்பு தைக்கலாம். உச்சியில் பந்து வேண்டாம், தாடைக்கட்டு நாடாவும் வேண்டாம்: ஒன்று வாய்க்குப் போகும், மற்றது கழுத்தை இறுக்கும். வீட்டுக்குள் தூங்கும் குழந்தைக்குத் தொப்பியைக் கழற்றிவிடுங்கள். குழந்தை உடல் சூட்டைத் தலை வழியாகத்தான் நிறைய வெளியேற்றும்.

குரோஷா காலுறை: பிறந்தது முதல் இரண்டு மாதம்

8 பிளை, 3.5 மி.மீ. ஊசி. அடிப்பாதம் சுமார் 8.5 செ.மீ. வரும்.

10 செயின். சுற்று 1: ஊசியிலிருந்து மூன்றாவது செயினில் 3 டபுள், அடுத்த 6 செயினில் ஒவ்வொன்று, கடைசிச் செயினில் 6, அப்படியே திரும்பி மறுபக்கம் 6, தொடங்கிய இடத்தில் இன்னும் 3. மொத்தம் 24. ஸ்லிப் ஸ்டிச்சால் இணையுங்கள். (தொடக்கத்தில் விட்ட 2 செயின் கணக்கில் சேராது.)

சுற்று 2: 2 செயின். முதல் 3 கண்ணியில் இரண்டிரண்டு, 6 ஒவ்வொன்று, அடுத்த 6இல் இரண்டிரண்டு, 6 ஒவ்வொன்று, கடைசி 3இல் இரண்டிரண்டு. மொத்தம் 36.

சுற்று 3: ஒவ்வொரு கண்ணியின் மேலும் தெரியும் இரண்டு இழைகளில் பின் இழையில் மட்டும் 36 சிங்கிள். இதுதான் பாதத்தையும் பக்கச் சுவரையும் மடித்துக் காட்டும். சுற்று 4: சாதாரணமாக 36 சிங்கிள்.

சுற்று 5: 12 சிங்கிள், இரண்டிரண்டைச் சேர்த்து 6 சிங்கிள், 12 சிங்கிள்: 30. சுற்று 6: 12 சிங்கிள், இரண்டிரண்டைச் சேர்த்து 3 டபுள், 12 சிங்கிள்: 27. சுற்று 7: முதல் இரண்டைச் சேர்த்து ஒன்று, மீதி 25 சிங்கிள்: 26. அதன்மேல் மூன்று சுற்று, கீழ்ச் சுற்றுத் தையலின் தண்டுப் பகுதியைச் சுற்றி முன்னாலிருந்து ஒரு டபுள், பின்னாலிருந்து ஒரு டபுள் என்று மாறிமாறிப் போட்டால் கணுக்காலைப் பிடிக்கும் பட்டி வரும்; நாடா தேவைப்படாது.

ஒன்று முடித்த கையோடு அடுத்ததையும் முடித்துவிடுங்கள். வாரம் கழித்துப் பின்னினால் கை இறுக்கம் மாறி ஒன்று சிறிதாகும். பெரிய அளவுக்கு அடிச் செயினில் 2 கூட்டினால் சுமார் ஒரு செ.மீ. நீளும், சுற்று 1, 2இல் பக்கவாட்டில் ஒவ்வொன்றாகப் போடும் 6 மட்டும் 8 ஆகும். கடைசியாகக் காலுறையை உள்வெளியாகத் திருப்பி, விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு இழையோ, சிக்கிய தலைமுடியோ குட்டி விரலைச் சுற்றி இறுக்கினால் இரத்த ஓட்டமே நின்றுவிடும். அழுகைக்குக் காரணம் தெரியாதபோது முதலில் கால்விரலைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

மேல்சட்டை பின்ன ஆசைப்பட்டால் ஜப்ளா போல முன்னால் திறப்பதாகவே எடுங்கள். தலைவழியாக மாட்டுவதை எந்தக் குழந்தையும் விரும்பாது. கழுத்து வளைவு மட்டும் இறுகாமல் பார்த்துக்கொண்டால் மீதி எல்லாம் நேர்ச்சதுரம்தான். பட்டன் வைப்பதானால் தைத்த பிறகு பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பாருங்கள், அசைந்தால் வெட்டி எறிந்துவிட்டுத் துணி முடிச்சு வையுங்கள்.

துவைப்பது

கொடுப்பதற்கு முன் ஒருமுறை நீங்களே துவைத்துவிடுங்கள். மிதமான தண்ணீர், கொஞ்சம் சோப்புத்தூள், தேய்க்காமல் அமுக்கி எடுப்பது. முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரப் பருத்தியின் எடையே போர்வையை ஒரு சாண் நீட்டிவிடும். பாயிலோ கட்டிலிலோ விரித்து, கையால் சதுரமாக்கி, நிழலில் காய வையுங்கள். பருத்தியை மேலே துணி போட்டு லேசாக இஸ்திரி போடலாம். அக்ரிலிக்கில் இஸ்திரிப்பெட்டி பட்டால் நூலின் துள்ளல் போய்த் துவண்டுவிடும், அதைத் திரும்பக் கொண்டுவர வழி கிடையாது. நூல் உருண்டையின் லேபிள் ஒன்றையும், ஒட்டுப்போட ஐந்து மீட்டர் நூலையும் அதே பையில் வைத்துக் கொடுத்துவிடுங்கள்.